மொதல்ல பேசுனது யாரு

அக்கா, இங்க உக்காரலாமா? பொட்டி ரெண்டையும் கால்மாட்டுல வச்சிக்கிறேன், இடிச்சா சொல்லிருங்க. நீங்க தமிழ்தான? போன்ல "வை பிள்ளை, பஸ் வந்திட்டுது"ன்னு சொன்னீங்கள்ல, அப்பவே காதுல விழுந்துச்சு. யாழ்ப்பாணமா? நெனச்சேன். எனக்கு அருப்புக்கோட்டை. பேரு கார்த்தீஸ்வரி, ஈஸ்வரின்னு கூப்பிடுவாங்க. செப்டம்பர்ல இங்க படிக்க வந்தேன். டொராண்டோ டொராண்டோன்னு ஊர்ல பீத்திக்கிட்டு வந்தது, இப்ப ரெண்டு பொட்டியோட பஸ்ல உக்காந்திருக்கேன், பாத்துக்கோங்க.

மால்வெர்ன் வரைக்கும் போறேன். நீங்க அதுக்கு முன்னாடியே எறங்கிருவீங்களா? சரி, அதுவரைக்கும் பேசிக்கிட்டே போவோம். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், தப்பா நெனைக்காதீங்க. காரணம் இருக்கு. நமக்கு ரெண்டு சீட்டுக்கு முன்னால பச்சைத் தொப்பி ஒண்ணு உக்காந்திருக்கு... ஐயோ, திரும்பாதீங்கக்கா! மெதுவா, ஜன்னலைப் பாக்குற மாதிரி பாருங்க. ஆங், அதேதான். அதுக்குக் கேக்கணும். நல்லாக் கேக்கட்டும். எனக்கும் அதுக்கும் நவம்பர்ல இருந்து பேச்சுவார்த்தை கெடையாது. பேரைக்கூட வாயால சொல்றதில்லைன்னு வச்சிருக்கேன். பொள்ளாச்சி. ஊரு அதான், பேரும் அதான்னு வச்சிக்கோங்க.

பேசாதவங்க ஏன் ஒரே பஸ்ல போறீங்கன்னு நெனைப்பீங்க. இன்னைக்கு மாசக் கடைசி. இருந்த வீட்டுல இருந்து ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லியாச்சு. இன்னைக்கு எங்க படுக்கிறதுன்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. மால்வெர்ன்ல ஒரு அங்கிள் ரூம் தர்றேங்கிறாரு, ஆனா ரெண்டு பொண்ணுங்களாச் சேந்து வந்தாத்தான் குடுப்பாராம். ஒத்தை ஆளுக்குக் கெடையாதாம். ரெண்டு பேரும் நேர்ல வந்து நின்னு சரின்னு சொல்லணுமாம். ரெஜினான்னு எங்க கிளாஸ் பொண்ணு பேசி முடிச்சா. நான் வர்றேன்னுட்டேன். அது என்ன சொல்லுச்சாம் தெரியுமா? "பாக்கறேன்"ன்னுச்சாம். பாக்கறேன்னா என்ன அர்த்தம்? காலைல பொட்டியோட ஸ்டாப்புல நிக்குது. என்கூட ரூமுக்கு வருதா, இல்ல பாதியில எறங்கி வேற எங்கயும் போகப் போகுதா? எனக்குத் தெரியணும். ஆனா நான் கேக்க முடியாதுல்ல. கேட்டா நான் மொதல்ல பேசுனதா ஆயிரும். தெருவுல கெடந்தாலும் கெடப்பேன், அது மட்டும் நடக்காது.

அதனால உங்ககிட்ட சொல்றேன். கேக்குற காது கேட்டுக்கிரட்டும்.

ஆரம்பத்துல இப்படி இல்லக்கா. ஒரே பிளைட்டு, பக்கத்துப் பக்கத்து சீட்டு. பிளைட்டு கெளம்புனப்ப நான் அழுதேன், என்னையப் பாத்து அவளும் அழுதா. எறங்குனதுல இருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரிஞ்சோம். சிம் கார்டு வாங்கப் போய் எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறி, எந்த ஊருன்னே தெரியாத எடத்துல எறங்கி, நடுரோட்டுல நின்னு கெக்கேபிக்கேன்னு சிரிச்சோம். மொத மொத பனி கொட்டுன அன்னைக்கு எங்ககிட்ட ஒரே ஒரு ஜோடி கையுறைதான். ஆளுக்கு ஒரு கையில மாட்டிக்கிட்டு, இன்னொரு கையை மாத்தி மாத்தி அவ பாக்கெட்டுல நானும் என் பாக்கெட்டுல அவளும்... சரி, அது எதுக்கு இப்ப. அதெல்லாம் நடிப்பு. இப்பத்தான தெரியுது.

வீடு கெடைக்காம நாய் படாத பாடு பட்டோம். வந்து எறங்குன ஸ்டூடன்ட்டுக்கு யாருக்கா வீடு குடுக்குறா? அந்தப் பேப்பர் எங்க, இந்தப் பேப்பர் எங்கன்னு கேட்டே தொரத்தி விட்டாங்க. மரிசோல்னு ஒரு பொண்ணு, மெக்ஸிகோக்காரி, எங்க காலேஜுதான், ஒரு வருசம் சீனியர். ஒரு வீட்டுக்கு அடியில பேஸ்மென்ட்டு, அவ பேருல எடுத்திருந்தா. கேன்டீன்ல நாங்க பொட்டியோட உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு, வாங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டா. அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் அவ கட்டில்ல படுக்க வச்சிட்டு அவ சோபாவுல படுத்தா. நல்ல பொண்ணுதான். குத்தம் சொல்ல மாட்டேன். அவகிட்ட ஒரு சாஸ் உண்டு, நம்ம மெளகாச் சட்னி தோத்துப் போகும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நவம்பர்ல எனக்குக் காய்ச்சல். வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. இட்லி வேணும், இட்லி வேணும்னு பொலம்பிருக்கேன் போல. பொள்ளாச்சி மாவு அரைச்சுச்சு. கேட்டனா நானு? இந்த ஊருக் குளிர்ல மாவு எங்க பொங்கும்? ரெண்டு நாள் வச்சாலும் கல்லு மாதிரி கெடக்கும். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? மாவுச் சட்டியத் தூக்கி ஹீட்டர் ரூமுல வச்சிச்சு. வச்சதோட விட்டுச்சா? சூடு வெளிய போயிரக் கூடாதுன்னு என் ஜாக்கெட்ட எடுத்துச் சட்டியச் சுத்திக் கட்டிருச்சு. என் ஜாக்கெட்ட! புதுசு! ஊர்ல எங்க அப்பா கடை கடையா ஏறி எறங்கி வாங்கிக் குடுத்த ஜாக்கெட்டு!

மாவு பொங்குச்சு. பொங்கவா பொங்குச்சு! சட்டிய விட்டு வழிஞ்சு, ஜாக்கெட்டுக் கையி, காலரு, உள்பஞ்சு, எல்லாம் மாவு. மறுநாள் காலைல எனக்கு ஒரு காபிக் கடையில நேர்ல வரச் சொல்லியிருந்தாங்க, வேலைக்கு. வேற ஜாக்கெட்டு எனக்கு எங்க இருக்கு? தொடைச்சிட்டு அதையேதான் போட்டுட்டுப் போனேன். கடைக்குள்ள சூடு ஏற ஏறப் புளிச்ச வாடை கெளம்புது. கடைக்காரம்மா மூக்கச் சுருக்கி, சேரைப் பின்னால தள்ளி உக்காந்து, "போன் பண்றோம்"ன்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் பண்ணல.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏண்டி இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். "உனக்கோசரம்தானே பண்ணேன்"ன்னுச்சு. எப்படி இருக்கு பாருங்க! எனக்கோசரமாம்! "உன் ஜாக்கெட்ட வச்சிருக்க வேண்டியதுதானடி"ன்னேன். "என் ஜாக்கெட்டையும் அதுக்கு மேல சுத்தித்தான் வச்சிருந்தேன், அதுலயும் வழிஞ்சிருச்சு"ன்னுச்சு. பொய்யா இருக்கும். அன்னைக்கு வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சேன். அதுவும் பதிலுக்கு வஞ்சிச்சு. இட்லியா? ஆமா, அவிச்சு வச்சிருந்துச்சு. தின்னேன். காய்ச்சக்காரி வேற என்னத்தத் திங்க? தின்னுட்டுத்தான் பேச்ச நிறுத்துனேன்.

அன்னையில இருந்து அது மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை கெடையாது. ஆனா மனசுல இருக்கிறதச் சொல்லாம இருக்க முடியுமா, வெடிச்சிராதா? ஊர்லன்னா தம்பி இருப்பான், கோழி இருக்கும், ஒண்ணுமில்லாட்டி வாசல்ல போற நாயைப் பாத்தாவது ஜாடையாச் சொல்லிருவோம். பேஸ்மென்ட்டுல யாரு இருக்கா? மரிசோல்தான். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அதுதான் வசதி.

காலைல அவ பாட்டுக்குப் பால்ல எதையோ போட்டுத் தின்னுக்கிட்டு இருப்பா. நான் அவ மொகத்தப் பாத்து, "ஏன் மரிசோல், அடுத்தவ பொருளத் தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும்னு சில பேருக்கு வீட்டுல சொல்லியே குடுக்கலையோ? மானங்கெட்ட பொழப்பு"ம்பேன். மரிசோல் கரண்டிய வாயிக்கிட்ட வச்சிக்கிட்டு, "ஸாரி?"ம்பா. அதுக்குள்ள சிங்க்குக்கிட்ட இருந்து பொள்ளாச்சி திரும்பும். "மரிசோல், சில சனியனுகளுக்கு நன்றிங்கறதே கெடையாதுங்க. வாய் மட்டும் வண்டலூரு வரைக்கும் நீளுமுங்க." வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டு மரியாதை வேற! மரிசோல் அதோட மொகத்தப் பாப்பா, என் மொகத்தப் பாப்பா, சிரிப்பா. பாவம், குட்மார்னிங் சொல்றோம்னு நெனச்சிக்கிட்டா போல.

அப்புறம் அவ சிரிக்கிறத நிறுத்திட்டா. கிச்சனுக்கு வர்றதையும் நிறுத்திட்டா. தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிருவா. எனக்கு என்னடா இது, ஆள் இல்லாம யாரப் பாத்துப் பேசுறதுன்னு ஆயிருச்சு. அவ ரூம் கதவுக்கு முன்னால நின்னுக்கிட்டுப் பேசுவேன். நான் போனதும் அது வந்து அங்கயே நின்னு பேசும். விட்டுக் குடுக்க முடியுமாக்கா?

சும்மா பேசிக்கிட்டு மட்டும் இருந்தேன்னு நெனைக்காதீங்க. பொள்ளாச்சி சைவம். முட்டைகூடத் தொடாது. நான் ஜெரார்டு ஸ்ட்ரீட் வரைக்கும் போய்க் கருவாடு வாங்கிட்டு வந்து, அது பரீட்சைக்குப் படிக்கிற அன்னைக்கா பாத்து வறுத்தேன். பேஸ்மென்ட்டு அக்கா, ஜன்னலே கெடையாது! மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுச்சு பாருங்க, பனிக்குள்ள, செருப்போட. எனக்கு மனசு குளுந்து போச்சு. மரிசோலும்தான் ஓடுனா. அவ துணியெல்லாம் அந்த வாடை வந்துருச்சாம். அதுக்கு என்ன செய்ய. பொள்ளாச்சி லேசுப்பட்டதா? விடிஞ்சும் விடியாம பக்திப் பாட்ட அலற விடும். நான் தூங்குற நேரம் பாத்து விடும். கண்ண மூடிக்கிட்டு, கைய வேற கூப்பிக்கிட்டு. நான் அது ஷாம்புல தண்ணி ஊத்தி வச்சேன். அது என் சார்ஜரு ஒயர முடிச்சுப் போட்டு வச்சிச்சு. இப்படியே போச்சு குளிர்காலம். சொன்னா நம்ப மாட்டீங்க, காலைல எந்திரிச்சதும் இன்னைக்கு அதுக்கு என்ன பண்ணலாம்னுதான் மொத நெனப்பே வரும். வீட்டு நெனப்பே வராது. ஊரு நெனச்சு அழுகிறதெல்லாம் நின்னே போச்சு.

இந்த மாச ஆரம்பத்துல ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் மரிசோல் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சா. "சனியன்"ன்னா. நான் அசந்துட்டேன். "மானங்கெட்ட. எச்சக்கலை"ன்னா. ஒண்ணொண்ணா, சுத்தமா. அவ லீவு நாள்ல வேலை பாக்குற பேக்கரியில ஒரு தமிழ் அம்மா இருக்காங்களாம். எங்க வீட்டுப் பொண்ணுங்க என்னையப் பாத்து எப்பவும் இதச் சொல்றாங்க, என்ன அர்த்தம்னு கேட்டிருக்கா. அந்தம்மா சொல்ல மாட்டேன்னு சொல்லிப் பாத்திருக்காங்க. இவ விடல.

"நான் உங்களுக்கு என்ன பண்ணேன்? என் கட்டில்லதான உங்களப் படுக்க வச்சேன்?"ன்னு கேக்குறா. கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுக்கா. வராதா பின்ன? மெக்ஸிகோக்காரி வாயில எச்சக்கலைன்னு வந்தா? நான் சிரிச்சதப் பாத்துட்டு அவ மொகம் அப்படியே செத்துப் போச்சு. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

சொல்லியிருக்கலாம்தான். "உன்னைய இல்ல மரிசோல், இவள"ன்னு ஒரு வார்த்தை. ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் அப்படிக் கை காட்டணும்னா அது மொகத்தப் பாக்கணும். அது உடனே "ஆமா, என்னையத்தான்"னு ஏதாச்சும் சொல்லும். நான் பதில் சொல்லாம இருக்க முடியுமா? அது பேச்சாயிரும்ல? ராசியாயிரும்ல? அதுவும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. அது தொறந்திருக்கலாம். தப்பு பண்ணது அதுதான? அது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு நான் அலைவனா? ஜாக்கெட்டு போச்சு, வேலை போச்சு, வீடும் போச்சு. எல்லாம் அதால.

என்னக்கா? அப்புறமாவது மரிசோல்கிட்ட சொன்னீங்களான்னா? எதுக்கு? அவதான் வெளிய போன்னுட்டாளே. நீங்க என்ன, சுத்திச் சுத்தி மரிசோல்கிட்டயே போறீங்க? இது எனக்கும் அதுக்கும் உள்ளது. இதுல மரிசோல் எங்க வந்தா?

சரி, இப்ப சொல்றதக் கேளுங்க. கொஞ்சம் சத்தமாவே சொல்றேன். ரூமுக்கு வர்றவங்க வரலாம். நான் வேணாங்கல. ஆனா வந்தா ஜாக்கெட்டுக்கு மன்னிப்புக் கேக்கணும், என் மொகத்தப் பாத்து. ஜன்னல் ஓரக் கட்டில் எனக்கு. பக்திப் பாட்டு கெடையாது. கருவாடு உண்டு. வர மாட்டேன்னா போகட்டும், எனக்கென்ன? ஆனா வர்றதுதான் நல்லது. ஏன்னா இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. ஒரே ரூமுக்குள்ள கெடந்தாத்தானக்கா வஞ்சம் தீக்க முடியும்? அது ஒரு மூலைக்குப் போய், நான் ஒரு மூலைக்குப் போயிட்டா, இந்த ஊர்ல காலங்காத்தால எந்திரிச்சு நான் யார வைவேன்?

இருங்க. போன் எடுக்குது. யாருக்கோ பண்ணுது. ரெஜினாவுக்குத்தான் இருக்கும், வர்றேன்னு சொல்லப் போகுது பாருங்க.

இங்கிலீஷ்ல பேசுது. மரிசோலாம்! கேளுங்க, கேளுங்க. "நான் சொன்ன எல்லாமே ஈஸ்வரியத்தான் சொன்னேன். அவ சொன்னது எல்லாம் என்னையத்தான். உன்னைய ஒரு வார்த்தை கூடச் சொல்லல. உன் மொகத்த வச்சி நாங்க சண்டை போட்டோம். அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வாய் வரல. என்னைய மன்னிச்சிரு"ங்குது. அழுகுது. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க, வெக்கமே இல்லாம அழுகுது. இதுக்கு இம்புட்டு நாளா?

மணிய அடிச்சிருச்சு. எந்திரிக்குது. பொட்டிய எடுக்குது. இங்கிட்டு வருதுக்கா. நீங்க ஒண்ணும் பேசிராதீங்க, நான் ஜன்னலப் பாக்குறேன்.

கேட்டீங்களா? கேட்டீங்களாக்கா? "ஈஸ்வரி"ன்னுச்சு! என் மொகத்தப் பாத்து! "ஈஸ்வரி, மரிசோல் என்னையத் திரும்ப வரச் சொல்லிட்டா. உன்னையும் வரச் சொல்றா. ஆனா நீயே வந்து உன் வாயால சொல்லோணுமாம். எறங்கறயா?"ன்னுச்சு. நீங்கதான் சாட்சி. மொதல்ல பேசுனது யாரு? அது! நான் இல்ல!

பதில் சொல்லுவேனா நானு? உங்க மொகத்தப் பாத்துத்தான் சொன்னேன், "சில பேருக்கு இப்பத்தான் வாய் தொறக்குது போலக்கா"ன்னு. சுருக்குன்னு தைச்சிருக்கும். கதவு தொறந்து கெடக்குது, டிரைவர் கத்துறாரு, அது அங்கயே நிக்குது. நின்னுச்சு, நின்னுச்சு, எறங்கிப் போயிருச்சு. போகட்டும்! ஜெயிச்சது நான்தான். நவம்பர்ல இருந்து பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தது இதுக்குத்தானக்கா. அடி ஆத்தி, மனசு எப்படி இருக்குன்னு நெனைக்கிறீங்க!

அந்தா, ரோட்டத் தாண்டி எதிர்ப்பக்க ஸ்டாப்புக்குப் போகுது. பனியில பொட்டி உருள மாட்டேங்குது, தூக்கிட்டுப் போகுது. திரும்பிப் பாக்குதா? பாக்குது. இல்ல, பஸ் வருதான்னு பாக்குது.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? அங்கிள் ஒத்தை ஆளுக்கு ரூம் குடுக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும். பேசிப் பாப்பேன். இல்லன்னா... அக்கா, உங்க வீட்டுல பேஸ்மென்ட்டு இருக்கா? ஒரு ஓரமாக் கெடந்துக்குவேன். இம்புட்டு நேரம் உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசியிருக்கேன், என்னையப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?

என்ன? "நீர் இவ்வளவு நேரமும் என்னோட கதைக்கேல்லை பிள்ளை, அந்தப் பிள்ளையோடதான் கதைச்சனீர்"ங்கிறீங்க. இது என்னக்கா பேச்சு? நான் அதுகூடப் பேசுறதே இல்லைன்னு இப்பத்தான சொன்னேன்?

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப்பு இன்னும் வரலையே. அக்கா, உக்காருங்கக்கா. பின்னால போய் நின்னுக்கிறேங்கிறீங்க, இங்கதான் எடம் இருக்கே. பொட்டி இடிக்குதா? தள்ளி வச்சிக்கிறேன். அக்கா, அது மொதல்ல பேசிருச்சுக்கா. நான் ஜெயிச்சிட்டேன். இத நான் யார்கிட்டக்கா சொல்ல?